படி இல்லாத குளியலறை

யார் என்ன கேட்டாலும் இளையதம்பியின் வாயிலிருந்து முதலில் வருவது, ஆமாம் என்கிற அந்த ‘ஓம்’தான். கேட்கிறவர் கேட்டு முடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாதிக் கேள்வியிலேயே தலை ஆடிவிடும், ஓம் வந்துவிடும். அதற்குப் பிறகு வேலி வாசலில் இருக்கிற கடப்படி வரைக்கும் நடந்து போவார். அங்கே கொஞ்சம் நிற்பார். திரும்பி வந்து, “இப்ப என்ன கேட்ட நீங்க?” என்பார்.

கலியாணம் முடித்த கிழமையிலேயே சின்னத்தங்கம் இதைக் கண்டுகொண்டாள். “மருமகனுக்கு மீன் ஆக்கவா, இறைச்சி ஆக்கவா?” என்று அவளுடைய தாய் கேட்டபோது புது மருமகன் “ஓம்” என்றார். தாய் இரண்டையும் ஆக்கினாள். தங்கை கண்ணகை அன்றைக்குத் தொடங்கிய பகிடியைப் பிறகு ஒருநாளும் விடவில்லை. “மாப்பிள்ளை கேட்டுப் போன நேரம் அப்பா அக்காட பேரச் சொன்னார், அத்தான் ஓம் எண்டார். என்ட பேரச் சொல்லியிருந்தாலும் ஓம்தான். நான் தப்பினது பெரிய காரியம்” என்பாள். இளையதம்பியும் சேர்ந்து சிரிப்பார்.

கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுப்பது அவருடைய வேலை. குருக்கள்மடத்துக்குத் தெற்கே, கல்முனை ரோட்டிலிருந்து வாவிப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் வீடு. சண்டைக் காலம் வந்தபோது அந்த ஒழுங்கைக்கும் கேள்விகள் வந்தன. பகலில் ஆமிக்காரர் ரோந்து வந்து கேட்டார்கள். அவர்கள் போன பிறகு இயக்கப் பொடியன்கள் வந்து, ஆமி என்ன கேட்டது என்று கேட்டார்கள். இளையதம்பி எல்லாருக்கும் ஓம் சொன்னார். சூழ்ச்சியாகப் பிழைக்கத் தெரிந்த மனிதன் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். கூடவே இருந்த சின்னத்தங்கத்துக்குத்தான் அது சூழ்ச்சியா, பயமா, வெறும் பழக்கமா என்று கடைசிவரைக்கும் பிடிபடவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, வாவிக்கு அக்கரையில் அவர்களுடைய வயல் வட்டைக்குள் அருவி வெட்டு என்ற நெல்லறுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஷெல் விழுந்தது. யார் அடித்தார்கள், எதற்காக அந்த வட்டைக்குள் அடித்தார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. கதிர்க் கட்டைத் தூக்கக் குனிந்த சின்னத்தங்கத்தின் இடுப்பில் ஒரு துண்டு ஏறியது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்துவிட்டு வந்தாள். இடுப்புக்குக் கீழே அவளுக்கு ஒன்றும் இல்லை. கால்கள் இருந்தன, அவளுடையவையாக இல்லை.

ஒரு தொண்டு நிறுவனம் சக்கர நாற்காலி கொடுத்தது. கண்ணகை அதற்கு ‘வண்டில்’ என்று பெயர் வைத்தாள். வண்டிலில் வீட்டுக்குள் ஓடித் திரியலாம், உலை வைக்கலாம், மீன் கழுவலாம். குளிக்க மட்டும் முடியாது. கிணற்றடிக்கு இறங்கும் வழியில் படிகள் இருந்தன, அதற்கப்பால் மணல் இருந்தது. இளையதம்பி அவளைத் தூக்கிக்கொண்டு போய் கிடுகு மறைப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்துவார். கண்ணகை தண்ணீர் ஊற்றுவாள். முதுகு தேய்ப்பாள். தேய்த்துக்கொண்டே ஊர்க்கதை சொல்லுவாள்.

நாலு பேரோடு சேர்ந்து கிணற்றடியில் குளிப்பது சின்னத்தங்கத்துக்குப் புதிதல்ல. சின்ன வயதிலிருந்தே குறுக்குக் கட்டோடு அப்படித்தான் குளித்திருக்கிறாள். அப்போது கூச்சம் வரவில்லையே, இப்போது ஏன் வருகிறது என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். தங்கையின் கைதானே. அந்தக் கையில் பாசம் இல்லாமலா இருக்கிறது? ஆனாலும் யாரோ ஒருவர் தன்னைக் கழுவும் ஒவ்வொரு முறையும், பாத்திரம் கழுவுவதுபோல் இருக்கிறது என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

ஒருநாள் கணவனிடம் சொன்னாள். “இஞ்சேருங்க, எனக்கு ஒரு மூலை வேணும். கதவச் சாத்திப்போட்டு, ஆரும் இல்லாம நானே குளிக்கணும்.”

“ஓம்.”

கடப்படிவரைக்கும் போனார். நின்றார். திரும்பி வந்தார். “எங்க கட்டுறது?” என்று கேட்டார்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. திரும்பி வந்து இன்னொரு முறை கேள்வியைக் கேட்பார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்டு நிறுவனத்திலிருந்து பற்றிக் என்ற பொடியன் வந்தான். கட்டட வேலைகளைப் பார்க்கிற உத்தியோகத்தன், டவுனைச் சேர்ந்தவன். அளவு நாடாவை விரித்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினான்.

“அன்ரி, இது உங்கட படுக்கிற அறையோட ஒட்டித்தான் வரணும். படி எண்டு ஒண்டும் இருக்கக்கூடாது. கதிரையோட நேரா உள்ள போய், நேரா வெளிய வரணும். கதவு மூண்டடி. உள்ளுக்க கதிரை ஒரு சுத்துத் திரும்ப அஞ்சடி. கதிரை உயரத்துக்கு ஒரு திட்டு, அதில மாறி இருந்து குளிக்கலாம். பிடிக்கச் சுவரில பைப். மேல ஒரு தண்ணிப் பரல் வச்சுச் சவர் பூட்டுவம். விளங்குதா ஐயா?”

“ஓம் தம்பி,” என்றார் இளையதம்பி.

கண்ணகைக்கு அது விளங்கியது; பிடிக்கவில்லை. “குளிக்கிற இடத்தக் கொண்டுவந்து வீட்டோட ஒட்டுறதா? நடுவில ஒரு சுவர், அங்கால சாமிப்படம். ஊர் சிரிக்கும் அத்தான். அந்தத் தென்ன மரத்தடியில கட்டச் சொல்லுங்க.”

“ஓம்,” என்றார்.

மறுகிழமை சுகாதாரப் பரிசோதகர் அருமைநாயகம் சைக்கிளில் வந்தார். பிரதேச சபை அனுமதிக்கு அவர் கையெழுத்து வேண்டும். நல்ல மனிதர். ஆனால் சட்டம் என்று வந்தால் தன் சொந்த வீட்டுக் கழிவறையையே உடைப்பித்தவர் என்று பெயர்.

“குளிக்கிற அறையின்ட வாசலில ஒரு வரம்பு கட்டணும். நாலு இஞ்சி உயரம் போதும். இல்லாட்டித் தண்ணி அறைக்குள்ள வரும். கழிவுத் தண்ணிக்கு ஒரு குழி, கிணத்தில இருந்து அம்பது அடி தள்ளி. பக்கத்து வளவுக் கிணத்துக்கும் அதே கணக்குத்தான்.”

“ஓம் ஐயா.”

சின்னத்தங்கம் நாற்காலியை முன்னுக்கு உருட்டினாள். “ஐயா, வரம்பு கட்டினா இந்தக் கதிரை ஏறாதே.”

அருமைநாயகம் நாற்காலியின் சில்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அது எனக்கு விளங்குது தங்கச்சி. சட்டத்தில இந்தக் கதிரையப் பத்தி ஒண்டும் இல்ல. நான் என்ன செய்ய?”

அவர் போன பிறகு அவள் கணவனைப் பிடித்துக்கொண்டாள். “பற்றிக் தம்பி படி இருக்கக்கூடாது எண்டான், ஓம் எண்டீங்க. இவர் வரம்பு வேணும் எண்டார், ஓம் எண்டீங்க. கண்ணகை தென்ன மரத்தடி எண்டாள், அதுக்கும் ஓம். இப்ப எதக் கட்டப் போறீங்க?”

“எல்லாரும் நமக்கு நல்லது சொல்ற ஆக்கள்தானே புள்ள.”

“நல்லதுதான். ஒண்டுக்கு ஒண்டு ஒத்து வரணுமே.”

அவர் கடப்படிப் பக்கம் நடந்தார். அன்றைக்குப் பின்னேரம் டவுனுக்குப் போய்ப் பற்றிக்கைக் கூட்டிக்கொண்டு நேரே அருமைநாயகத்தின் வீட்டுக்குப் போனார் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரியும். மறுநாள் மூன்று பேருமாக முற்றத்தில் வந்து நின்றார்கள். இரண்டு உத்தியோகத்தரும் மணலில் ஒரு குச்சியால் கோடு போட்டு அழித்துப் பேசினார்கள். கடைசியில் அருமைநாயகம் குச்சியை எறிந்தார்.

“சரி. தளத்துக்கு வாட்டம் சரியா விட்டா வரம்பு தேவையில்ல. கையெழுத்து வைக்கிறன்.”

“அதத்தான் சேர் நானும் சொல்றன். வாட்டம் சரியா இருந்தாப் போதும்,” என்றான் பற்றிக்.

“ஓம், ஓம்,” என்றார் இளையதம்பி. இந்த முறை அவர் முகத்தில் உண்மையான ஆறுதல் இருந்தது. சின்னத்தங்கத்துக்கும் நிம்மதி. தண்ணீர் வடிய நிலத்தைச் சரித்து விடுவதைத்தான் வாட்டம் என்பார்கள். வீடு கட்டுகிற எவருக்கும் தெரிந்த விசயம். அதில் குழம்ப என்ன இருக்கிறது?

குழி வெட்டத்தான் இடம் கிடைக்கவில்லை. தங்கள் கிணற்றுக்கு ஐம்பது அடி தள்ளினால் பக்கத்து வளவுக் கிணறு கிட்ட வந்தது. தெற்கு மூலையில், செசீலியாவின் வேலியை ஒட்டித்தான் ஒரு இடம் இரண்டு கணக்குக்கும் பொருந்தியது. செசீலியா கத்தோலிக்க விதவை. பாய் பின்னி விற்பவள். அவளுடைய ஒரே மகன் வின்சன்ற் முந்திய வருடம் வாவியில் இறால் பிடிக்கப் போய், தோணியோடு நேரம் பிந்தித் திரும்பியபோது துப்பாக்கிச் சூடுபட்டுச் செத்துப்போனான். வேலியோரம் குழி வெட்டலாமா என்று இளையதம்பி போய்க் கேட்டார்.

“வெட்டுங்க. எனக்கென்ன, அந்தப் பக்கம் ஆர் இரிக்கிற?” என்றாள் அவள்.

குழி இடுப்பளவு இறங்கியபோது ரோந்து வந்தது. முற்றத்தில் நாற்காலியில் இருந்த சின்னத்தங்கம் எல்லாவற்றையும் கண்டாள். இளையதம்பி குழிக்குள் மண்வெட்டியோடு நின்றார். ஒரு ஆமிக்காரன் மேலே நின்று குனிந்து பார்த்தான். சுவரில் பூட்ட வைத்திருந்த இரும்புப் பைப்புகளை இன்னொருவன் காலால் உருட்டினான்.

“என்ன இது? பங்கர்?”

“ஓம்,” என்றார் இளையதம்பி.

சின்னத்தங்கம் நாற்காலியைக் குழிப்பக்கம் உருட்டினாள். “இல்ல, இல்ல. பங்கர் இல்ல. குளிக்கிற தண்ணி. தண்ணி போற குழி,” என்று கத்தினாள். கைகளால் தலையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். தன் காலைக் காட்டினாள். ஆமிக்காரன் அவளையும் பார்த்தான், குழியையும் பார்த்தான். ஓம் என்று சொன்னவனை நம்புவதா, இல்லை என்று சொன்னவளை நம்புவதா என்று அவனுக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இளையதம்பியைக் கைபிடித்து மேலே தூக்கினார்கள். முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அவள் முற்றத்தை விட்டு அசையவில்லை. கண்ணகை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, ஆற விட்டு, எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மூலை வேண்டும் என்று கேட்ட வாயை அவள் அன்றைக்கு எத்தனையோ விதமாகத் திட்டினாள். வெயில் சாய்ந்த பிறகு இளையதம்பி ஒழுங்கையால் வந்தார். சேட்டில் பொத்தான் ஒன்று இல்லை. மற்றப்படி ஆள் முழுசாக இருந்தார்.

“என்ன கேட்டாங்க?”

“கனக்கக் கேட்டாங்க புள்ள. பாதி விளங்கல்ல.”

“நீங்க என்ன சொன்ன?”

அவர் சேட்டில் பொத்தான் இல்லாத இடத்தைத் தடவினார்.

“எல்லாத்துக்கும் ஓம் எண்டீங்களா?”

“ஓம்.”

சங்கக்கடைக்குச் சீனி வாங்க வருகிற ஒரு ஆமிக் கோப்ரல்தான், இந்த மனிதன் எதற்கும் இப்படித்தான் சொல்லுவார் என்று முகாமின் பெரியவனுக்கு விளங்கப்படுத்தினானாம். குழி முழங்காலுக்கு மேல் ஆழம் போகக்கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பிறகு அதைப் பாதி தூர்த்து, ஆழமில்லாமல், வாய்க்கால்போல நீட்டி வெட்டினார்கள். அருமைநாயகம் அதை வந்து பார்த்தார். சட்டத்தில் அப்படி ஒரு குழி இல்லை என்றார். இல்லை என்று எழுதாமலும் போய்விட்டார்.

மேசன் மஜீட் காத்தான்குடியிலிருந்து வந்தான். இளையதம்பியைப் போலவே ஐம்பதைத் தொட்டவன். இருவரும் மச்சான் முறை வைத்துத்தான் பேசுவார்கள். ரோட்டுத் தடை மூடுவதற்குமுன் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதால் மதியம் தாண்டியதும் வானத்தையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்ப்பான். பார்த்தாலும் கை ஓடும். சுவர் எழும்பியது. மூன்றடிக் கதவுக்கு நிலை வைத்தான். திட்டு கட்டினான். தளம் போடுகிற அன்றைக்கு அறை வாசலில் சின்னத்தங்கம் நாற்காலியில் இருந்தாள்.

“வாட்டம் வாசலுக்குத்தானே மச்சான்?” என்றான் மஜீட், சாந்தை இழுத்துக்கொண்டே.

“ஓம்,” என்றார் இளையதம்பி.

சின்னத்தங்கமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு ஒன்றும் பிழையாகத் தெரியவில்லை.

தளம் காய்ந்த பிறகு பற்றிக் வந்தான். கண்ணகை ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து தளத்தில் ஊற்றினாள்.

“பாருங்க தம்பி, ஒரு துளி நிக்காது,” என்றான் மஜீட். நின்றிருந்தால் நல்லது. தண்ணீர் ஒழுங்காக ஒரு கோட்டில் ஓடி, திறந்திருந்த கதவால் படுக்கை அறைக்குள் போனது. கட்டிலுக்குக் கீழே போனது. நெல்மூட்டையைச் சுற்றிக்கொண்டு அடுத்த வாசலைப் பார்த்து நடந்தது. எதிர்ச் சுவரின் அடியில் கழிவுத் தண்ணீருக்காக வைத்த ஓட்டை காய்ந்துபோய்க் கிடந்தது.

 கண்ணகைதான் முதலில் வாயைத் திறந்தாள். “அக்கா, இனி நீ குளிச்சா வீடு முழுக்கக் குளிக்கும்.”

“ஐயா, வாட்டம் சரியா விடச் சொன்னனானே,” என்றான் பற்றிக். அழுதுவிடுவான்போல் இருந்தது.

“சரியாத்தானே தம்பி விட்டிருக்கன்,” என்றான் மஜீட்.

அந்தப் பக்கத்தில் வீடு என்றால் வாசலுக்குத்தான் வாட்டம். பொங்கலுக்கும் கண்ணகி அம்மன் குளிர்த்தித் திருவிழாவுக்கும் வீட்டைக் கழுவும்போது பின்சுவரில் தண்ணீரை அடித்து, தும்புத்தடியால் தள்ளிக்கொண்டு வந்து முன்வாசலால் வெளியே விடுவார்கள். எந்த அறையிலும் அப்படித்தான். எந்த மேசனும் அதை மாற்றி யோசித்ததில்லை. மஜீட் யோசிக்கவில்லை, இளையதம்பி யோசிக்கவில்லை. சின்னத்தங்கம்? அவளும்தான் பக்கத்தில் இருந்தாள். குளிக்கப் போகிறவளே அவள்தானே. மற்றவர்களைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இனி என்ன செய்வது? வரம்பு கட்டினால் நாற்காலி ஏறாது. வாசல் பக்கத்தை உயர்த்தினால் அதுவே ஒரு படி ஆகிவிடும். தளத்தைக் கொத்தி எடுத்துவிட்டு, ஓட்டையைப் பார்த்துச் சரியும்படி புதிதாகப் போட வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு பை சீமெந்து தேவை. நிறுவனம் ஒரு வீட்டுக்கு ஒருமுறைதான் கொடுக்கும் என்றான் பற்றிக். கடையில் வாங்குவதென்றால் ஆமி முகாமில் அனுமதிப் பாஸ் எடுக்க வேண்டும். அந்த நாளில் பாஸ் கொடுப்பதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அடுத்த கிழமை தொடங்கி மஜீட்டுக்கு வேறு இடத்தில் வேலை. வெறும் ஒரு அறை கிடந்தது, எல்லாம் சரியாக, தளம் மட்டும் தலைகீழாக.

“விடுங்க,” என்றாள் சின்னத்தங்கம். “கிணத்தடியே போதும். இவ்வளவு நாளும் குளிக்கலியா? அந்த அறைக்குள்ள நெல்லப் போடுங்க.”

அவள் ஓமை எதிர்பார்த்தாள். அது வரவில்லை. இளையதம்பி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போனார். கடப்படியில் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் சைக்கிளில் சாக்கு மூடி இரண்டு பை சீமெந்து வந்தது.

“எங்கால?”

“சங்கத்தால,” என்றார்.

சங்கக்கடையில் சீமெந்து விற்றதை அவள் கண்டதில்லை. கேட்க நினைத்தாள். அதற்குள் மஜீட் உளியைத் தளத்தில் வைத்துவிட்டான். அவன் கொத்திய சத்தத்தில் கேள்வி அவளுக்குள்ளேயே நின்றுவிட்டது. கேட்காமல் விட்டது சத்தத்தாலா, கேட்டால் அறை கிடைக்காமல் போய்விடும் என்பதாலா என்று பிறகு அவள் பலமுறை யோசித்திருக்கிறாள்.

இந்த முறை தண்ணீர் ஊற்றியபோது அது வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓட்டைக்குப் போனது.

இளையதம்பி பரலை நிரப்பிவிட்டு வேலைக்குப் போனார். சின்னத்தங்கம் நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள். சில்லு எங்கும் தட்டவில்லை. கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளைத் தள்ளினாள். பைப்பைப் பிடித்துத் திட்டுக்கு மாற நெடுநேரம் எடுத்தது. ஒருமுறை வழுக்கி நெற்றி சுவரில் இடித்தது. சவரைத் திறந்தாள். சந்தோசப்படுவோம் என்று நினைத்திருந்தாள். முதலில் வந்தது பயம். கண்ணகையின் ஊர்க்கதை இல்லாத தண்ணீர்ச் சத்தம் அவளுக்குப் பழக்கமில்லை. பிறகு தன் தோளைத் தானே தேய்த்தாள். தன் காலைத் தானே தூக்கிக் கழுவினாள். உணர்வில்லாத அந்தக் காலை அவள் இவ்வளவு நிதானமாகப் பார்த்தது அதுதான் முதல். பரல் தீரும்வரை குளித்தாள்.

“அக்கா, உயிரோட இரிக்கியா?” என்று கண்ணகை கதவைத் தட்டினாள்.

“போகா அங்கால,” என்று துரத்தினாள் சின்னத்தங்கம்.

கார்த்திகை பிறக்கும் முன்னமே, கத்தோலிக்கர் இறந்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் தினம் வந்தது. செசீலியா வெள்ளைச் சேலையும் மெழுகுதிரிப் பெட்டியுமாகக் கல்லறைகள் இருக்கிற சேமக்காலைக்குப் போகப் புறப்பட்டாள். வேலிக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் இருந்தபடி சின்னத்தங்கம் பேச்சுக் கொடுத்தாள்.

“செசீலியாக்கா, வின்சன்ற்ற கல்லறை கட்டி முடிஞ்சுதா? இந்தத் திருநாளுக்குள்ள கட்டணும் எண்டு சொன்ன நீங்க.”

செசீலியா நின்றாள். “உங்கட மனிசன் தந்தாத்தானே கட்டலாம் புள்ள.”

“என்னத்த?”

“சீமெந்த. பிள்ளைக்கெண்டு பாஸ் எடுத்து வாங்கி வச்சிருந்தன். அவசரம் எண்டு வந்து நிண்டார். அடுத்த பாஸ் குடுக்கிற நேரம் தாறன் எண்டார். ஓம் எண்டு குடுத்திட்டன்.” அவள் குரலில் குறை எதுவும் இல்லை. “உனக்குச் சொல்லலியா?”

அன்று பின்னேரம் இளையதம்பி கடையிலிருந்து வந்தபோது சின்னத்தங்கம் அறை வாசலில் இருந்தாள்.

“அந்தப் பிள்ளைட கல்லறைச் சீமெந்துக்கு மேலயா நான் இருந்து குளிக்கிறன்?”

“சொல்லணும் எண்டுதான் இருந்தன்.”

“சொல்லியிருந்தா வேணாம் எண்டிருப்பன்.”

“அதுதான் புள்ள சொல்லல்ல.”

அவர் அப்படி ஒரு நேரான பதில் சொல்லி அவள் கேட்டதில்லை.  சில நாட்கள் அவள் அந்த அறைக்குள் போகவில்லை. போகாமல் இருந்தால் தளம் பெயர்ந்து திரும்பச் சீமெந்தாகிவிடுமா? கிணற்றடிக்குத் தூக்கச் சொன்னால் அவருடைய முதுகுக்கு வருத்தம். கடைசியில் போனாள். குளித்தாள். குளித்துவிட்டு வந்து, “பாஸுக்குப் போனீங்களா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு குளித்த ஒவ்வொரு நாளும் கேட்டாள்.

போகாமல் இல்லை. முகாம் வாசலில் நின்றார்; திருப்பி அனுப்பினார்கள். அரச அலுவலகமான கச்சேரிக்குப் போனார், முகாமில் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். அந்த மாரியில் மழை விடாமல் பெய்தது. தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டத் தாமதித்ததால் வாவி ஏறி ஒழுங்கைக்குள் வந்தது. கரையோரச் சேமக்காலை முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்தபோது கல்லறை கட்டியிருந்த இடங்கள் நின்றன. கட்டாத மேடுகள் பாதி கரைந்து ஒன்றுபோல ஆகியிருந்தன. மரச் சிலுவைகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. எது யாருடையது என்று செசீலியாவுக்கும் தெரியவில்லை.

வின்சன்றுக்குக் குழி வெட்டிய நாலு பேரில் இளையதம்பியும் ஒருவர். மற்றவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். செசீலியா அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் ஒரு மேட்டைக் காட்டினார். இதுதானா என்று செசீலியா கேட்டாள். ஓம் என்றார். பிறகு பக்கத்தில் இருந்த மேட்டையும் பார்த்தார். இதுவா என்று கேட்டாள். அதற்கும் ஓம் என்றார்.

“அவர் பொய் சொல்லல்ல புள்ள,” என்று செசீலியா வந்து சின்னத்தங்கத்திடம் சொன்னாள். “மனிசனுக்கு மெய்யாவே தெரியல்ல. ரெண்டுக்கும் நடுவில நிண்டு அழுதார். யோசிச்சு வந்து சொல்றன் எண்டிருக்கார்.”

எத்தனையோ முறை அவர் தனியாகச் சேமக்காலைக்குப் போய் வந்தார். பூவரச மரத்திலிருந்து எத்தனை எட்டு, மதிலிலிருந்து எத்தனை எட்டு என்று முற்றத்தில் நடந்து பார்த்தார். சின்னத்தங்கம் நாற்காலியில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டின் கடைசியில் ஒருநாள், சங்கக்கடையில் அரிசி நிறுத்துக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் குந்தினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியில், தடையில் வாகனம் நின்ற இடத்தில், உயிர் போய்விட்டது.

மறுவருடம் சமாதானம் என்றார்கள். ரோட்டுத் தடைகள் திறந்தன. சீமெந்து எந்தக் கடையிலும் கிடைத்தது. யாரும் பாஸ் கேட்கவில்லை. சின்னத்தங்கம் கண்ணகையின் புருசனைக் கொண்டு இரண்டு பை எடுப்பித்து, செசீலியாவுக்கு ஆள் விட்டாள்.

செசீலியா வந்து பைகளைப் பார்த்தாள். தொட்டும் பார்த்தாள்.

“எந்த மேட்டில கட்டச் சொல்ற புள்ள?”

“அவர் உங்களிட்ட ஒண்டும் சொல்லலியா?”

“உனக்குச் சொல்லியிருப்பார் எண்டுதான் நான் இருந்தன்.”

 செசீலியா கையில் ஒட்டிய சீமெந்துத் தூசைத் தட்டிக்கொண்டு எழும்பினாள். “இஞ்சயே இரிக்கட்டும். இடம் தெரியிற நேரம் எடுக்கிறன்,” என்றாள்.

வருடம் தவறாமல் ஆத்துமாக்கள் தினத்தில் செசீலியா இரண்டு மேட்டிலும் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருகிறாள். சீமெந்து சின்னத்தங்கத்தின் படுக்கை அறையில்தான் இருக்கிறது. இரண்டு மாரி கண்டு இறுகிப்போன பைகளை மாற்றி, அவள் புதிதாக வேறு இரண்டு வாங்கி வைத்திருக்கிறாள்.